மேற்கோள்களின் எண்ணிக்கை எதை அளக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனது மகள் அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படிக்கிறாள். மரபணு ஆய்வு நிறுவகம் ஒன்றைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்ததால் இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் நிறுவகத்தைத் தெரிவு செய்தாள். அந்த நிறுவகம் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் எத்தனை என்று தேடியபோது மூன்று தரவுத்தளங்களில் மூன்று எண்கள் கிடைத்தன. எதை நம்புவது? அந்த எண்ணை வைத்து ஒரு நிறுவகத்தின் தரத்தைச் சொல்லிவிட முடியுமா?
– தந்தை ஒருவர், கிளிநொச்சி

பதில்: மூன்று எண்களும் சரியானவையாகவே இருக்கலாம். ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது தாம் எடுத்தாண்ட முந்திய ஆய்வுகளை இறுதியில் வரிசைப்படுத்துவது வழக்கம். அந்த வரிசையில் ஒரு கட்டுரை இடம்பெறும் ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு மேற்கோள் சேர்கிறது. இந்த வரிசைகளை எல்லாம் திரட்டி வைத்தால் எந்த ஆய்விலிருந்து எந்த ஆய்வு கிளைத்தது என்று தடம் பிடிக்கலாம் என்ற யோசனையை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955 இல் முன்வைத்தார்; 1964 இல் அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் சுட்டியை வெளியிட்டது. ஆய்வாளர்கள் தமக்கு வேண்டிய கட்டுரைகளைத் தேடிக் கண்டடைய உதவுவதே அதன் முதல் நோக்கம். நிறுவனங்களை நிரைப்படுத்தும் பழக்கம் பின்னர் வந்து சேர்ந்தது.

அச்சுட்டியின் வழிவந்த வெப் ஒஃப் சயன்ஸும், 2004 இல் தொடங்கிய ஸ்கோபஸும் தாம் தெரிந்தெடுத்த ஆய்விதழ்களையும் வெளியீடுகளையுமே கணக்கில் எடுக்கின்றன. கூகுள் ஸ்கொலர் பட்ட ஆய்வேடுகளையும், அச்சேறு முன்னரே இணையத்தில் இடப்பட்ட கட்டுரைகளையும், அறிக்கைகளையும் சேர்த்துக்கொள்வதால் அங்கே எண் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். இதனோடு பெயர்ச் சிக்கலும் உண்டு. கேம்பிரிட்ஜுக்கு அருகே ஹிங்ஸ்டன் என்னும் கிராமத்தில் 1993 இல் திறக்கப்பட்ட இந்த நிறுவகம் முதலில் சாங்கர் சென்ரர் என்றும், பின்னர் வெல்கம் ட்ரஸ்ட் சாங்கர் இன்ஸ்டிடியூட் என்றும், இப்போது வெல்கம் சாங்கர் இன்ஸ்டிடியூட் என்றும் அழைக்கப்படுகிறது. மூன்று பெயர்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தேடாவிட்டால், அந்த நிறுவகத்தின் மிகச் சிறந்த காலத்துக் கட்டுரைகள் பல விடுபட்டுப்போகும்.

அடுத்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி. ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதையும் குறிக்கும் மரபணுத்தொகுதி பற்றிய ஆய்வில் இதுவே மிகவும் சிக்கலானது. மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு 2001 பெப்ரவரியில் நேச்சர் இதழில் வெளிவந்தது. ஆறு நாடுகளைச் சேர்ந்த இருபது நிலையங்கள் அதில் உழைத்தன. மொத்த வேலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, ஜோன் சல்ஸ்டனின் தலைமையில் சாங்கர் செய்து முடித்தது. சீனாவின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதம். முழு எண்ணிக்கை முறையில் கணக்கிட்டால் இருபது நிலையங்களுக்கும் அதே ஒரு கட்டுரை, அதே ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் முழுமையாக எழுதப்படும். பின்ன எண்ணிக்கை முறையில், ஒரு கட்டுரைக்குரிய ஒரு புள்ளி அதன் ஆசிரியர்களிடையே சமமாகப் பிரிக்கப்பட்டு அவரவர் நிறுவனத்துக்குச் சேர்க்கப்படும். 2014 இல் தொடங்கிய நேச்சர் சுட்டி என்னும் தரவுத்தளம் இரண்டு எண்களையும் தருகிறது. கூட்டு முயற்சியிலேயே வாழும் ஒரு நிறுவகத்துக்கு முதல் எண் மிகப் பெரிதாகவும் இரண்டாவது மிகச் சிறிதாகவும் அமைவது இயல்பு. சமமாகப் பிரிப்பதும் உண்மையான உழைப்பைக் காட்டிவிடாது என்றாலும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நிறுவகம் எவ்வகையில் இயங்குகிறது என்பதாவது தெரியவரும்.

இனி, எந்தக் கட்டுரைகள் மேற்கோள்களைக் குவிக்கின்றன என்று பாருங்கள். 2009 இல் சாங்கரில் இருந்தபோது ஹெங் லீயும் ரிச்சர்ட் டர்பினும் பி.டபிள்யூ.ஏ. என்னும் மென்பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். துண்டு துண்டாக வாசிக்கப்பட்ட மரபணு வரிசைகளை (டி.என்.ஏ.யில் உள்ள வேதி எழுத்துகளின் ஒழுங்கை), முன்பே முழுமையாக அறியப்பட்ட வரிசையின் மீது உரிய இடத்தில் பொருத்துவது அதன் வேலை. அதே ஆண்டில் சாம்டூல்ஸ் என்ற துணைக் கருவித்தொகுப்பும் வந்தது. இவ்விரண்டுக்கும் கிடைத்த மேற்கோள்கள் பல பத்தாயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை மேற்கோள் காட்டியவர்களில் மிகப் பெரும்பாலானோர் அக்கட்டுரைகளின் கருத்தை ஆராய்ந்தவர்கள் அல்லர். ‘இந்த மென்பொருளைப் பயன்படுத்தினோம்’ என்று செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுதியவர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர் முழுவதும் நடந்து போகும் பாதையை வெட்டிக் கொடுத்தவருக்குரிய மதிப்பு அது. ஆனால் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுக்குக் கிடைத்த மதிப்பாக அதை வாசித்தால் தவறாகிவிடும். நேச்சர் இதழ் 2014 இல் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைத் தொகுத்தபோதும் செய்முறைக் கட்டுரைகளே முன்வரிசையில் நின்றன. இரு முறை நோபல் பரிசு பெற்ற ஃபிரடெரிக் சாங்கர் டி.என்.ஏ. வரிசையை வாசிக்கும் முறையை விளக்கி 1977 இல் எழுதிய கட்டுரை 65,000க்கும் மேற்பட்ட மேற்கோள்களுடன் அதில் நான்காம் இடத்தைப் பெற்றது. அக்கட்டுரை வேறோர் ஆய்வுகூடத்தில் எழுதப்பட்டதால், அவருடைய பெயரைத் தாங்கும் நிறுவகத்தின் கணக்கில் சேராது.

ஆகவே, மேற்கோள் எண்ணிக்கை பிற ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்திய அளவைக் காட்டுகிறது. சாங்கரின் எண் பெரிதாக இருப்பது வெறும் பகட்டு அன்று. அந்த நிறுவகம் தரவுகளையும் கருவிகளையும் உலகுக்குத் திறந்து வைத்ததன் நேர் விளைவு. தங்கள் மகள் எண்ணைக் குறிப்பிடும் இடத்தில் தரவுத்தளத்தின் பெயர், பார்த்த திகதி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, முழு எண்ணிக்கையா பின்ன எண்ணிக்கையா என்ற நான்கையும் எழுதட்டும். வேறொரு நிறுவகத்துடன் ஒப்பிடுவதாயின், துறையையும் ஆண்டையும் கொண்டு சீராக்கப்பட்ட எண்ணை எடுக்க வேண்டும். அந்த முறையில் உலகச் சராசரி 1 ஆகும். 2 என்றால் அதே துறையில் அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் சராசரியைப் போல இரு மடங்கு. உயிரியலாளர்கள் நீண்ட மேற்கோள் வரிசை எழுதுவார்கள், கணிதவியலாளர்கள் சில வரிகளோடு நிறுத்துவார்கள். சீராக்காமல் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கேள்வி: எச் சுட்டெண், தாக்கக் காரணி ஆகிய இரண்டையும் பதவி உயர்வு விண்ணப்பங்களில் கேட்கிறார்கள். இவை நியாயமான அளவுகோல்களா?
– விரிவுரையாளர் ஒருவர், வவுனியா

பதில்: எச் சுட்டெண்ணை 2005 இல் அமெரிக்காவில் பணியாற்றிய பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய சுட்டெண் 10. அது வயதோடு கூடுமே தவிரக் குறையாது என்பதால் இளம் விரிவுரையாளருக்கு அநீதி செய்யும். நிறுவனங்களுக்குப் பயன்படுத்தினால் ஆளணி கூடிய நிறுவனமே எப்போதும் முன்னால் நிற்கும்.

தாக்கக் காரணி ஆய்விதழுக்கு உரியது, கட்டுரைக்கு உரியது அன்று. ஓர் இதழ் முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது அது. பளிங்கியல் துறையைச் சேர்ந்த ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிக்கா இதழின் ‘ஏ’ பிரிவுக்கு ஏறத்தாழ 2 ஆக இருந்த தாக்கக் காரணி 2009 இல் 49ஐத் தாண்டியது. ஜோர்ஜ் ஷெல்ட்ரிக் தமது மென்பொருளைப் பற்றி 2008 இல் அவ்விதழில் எழுதிய ஒரே கட்டுரையே காரணம். அந்த ஆண்டுகளில் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரே இரவில் இருபது மடங்கு சிறந்தவையாக மாறிவிடவில்லை. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடக்கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013 இல் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. 1881 முதல் இலங்கையில் வெளிவரும் ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட் போன்ற இதழில் வன்னி மண்ணின் உவர்த்தன்மையைப் பற்றி எழுதப்படும் கட்டுரை, இரணைமடுவின் கீழ் நெல் செய்பவருக்கு எவ்வளவு பயன்பட்டாலும் இந்த அளவுகோல்களில் ஏறக்குறைய காணாமலே போய்விடும். விண்ணப்பத்தில் எண்ணைக் கேட்டால் கொடுங்கள். கூடவே, அந்த ஆய்வால் எது மாறியது என்று ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: நான் கமக்காரன். சென்ற பெரும்போகத்தில் அறக்கொட்டி விழுந்து வயலில் ஒரு பகுதி போய்விட்டது. ஆயிரம் கட்டுரை, இலட்சம் மேற்கோள் என்று சொல்லப்படும் இந்த மரபணு நிறுவனங்களால் எங்களுக்கு என்ன கிடைத்தது?
– வாசகர், முள்ளியவளை

பதில்: தங்கள் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். இதற்கு ஒரு நேரான விடையும், மனத்தை உறுத்தும் ஒரு விடையும் இருக்கின்றன.

நெல்லின் மரபணுத்தொகுதி வரைவு 2002 ஏப்ரலில் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. இந்திக்கா வகையின் வரைவைத் தந்தது சீனாவின் பி.ஜி.ஐ.; 1999 இல் தொடங்கிய மரபணு ஆய்வு நிறுவனம் அது. யப்பான் முன்னின்ற சர்வதேசக் கூட்டமைப்பு 2005 இல் யப்பானிக்கா வகையின் துல்லியமான வரிசையை முடித்தது. 2014 இல் 89 நாடுகளிலிருந்து வந்த 3,000 நெல் வகைகளின் வரிசைகள் பொதுவில் வைக்கப்பட்டன. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும், சீன விவசாய விஞ்ஞானக் கழகமும், பி.ஜி.ஐ.யும் சேர்ந்து செய்த வேலை. மேற்கோள் கணக்கில் இவை எல்லாம் பெரிய கட்டுரைகள்.

இப்போது அறக்கொட்டிக்கு வருவோம். விவசாயப் போதனாசிரியர்கள் கபில நிறத் தத்தி என்று சொல்லும் இந்தப் பூச்சி, பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியும் வயல், சில நாட்களில் வட்டம் வட்டமாக எரிந்ததுபோல் காய்ந்துவிடும். யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்ட வயலிலும், கண்டபடி மருந்தடித்துச் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களைக் கொன்ற வயலிலும் இது பெருகும். இந்தப் பூச்சியைத் தாங்கி நிற்கும் நெல் ஒன்று நம் தீவிலேயே இருந்தது. அதன் பெயர் ரத்து ஹீனட்டி. அந்தப் பாரம்பரிய நெல்லின் தாங்குசக்திக்குக் காரணமான பி.பி.எச். 3 என்னும் பகுதியில் அடுத்தடுத்து அமைந்த மரபணுக்களைச் சீன ஆய்வாளர்கள் பிரித்தறிந்து 2015 இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியிட்டார்கள். முழு வரிசை முன்பே கையில் இல்லாதிருந்தால் அந்த மரபணுக்களை இனங்காண்பது மிகவும் கடினமாக இருந்திருக்கும். அவற்றை அடையாளம் கண்டபின், ஒரு நாற்றின் இலைத்துணுக்கைச் சோதித்தே அது தாங்குசக்தி உடையதா என்று இனவிருத்தியாளர் அறிந்துகொள்ளலாம். பூச்சி விழும்வரை வயலில் காத்திருக்க வேண்டியதில்லை. நேரான விடை இது: பயன் உண்டு, ஆனால் அது மேற்கோளின் வழியாகத் தங்கள் வயலுக்கு வராது, பத்தலகொட போன்ற நெல் ஆராய்ச்சி நிலையங்களில் இனவிருத்தி செய்பவர்களின் வழியாக, விதைநெல்லாகவே வரும். அந்தக் கடைசிப் பகுதி வேலைக்கு மேற்கோள் கிடைப்பது அரிது. பணமும் குறைவாகவே ஒதுக்கப்படுகிறது.

உறுத்தும் விடை வேறு. ரத்து ஹீனட்டியைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து விதைத்து வந்தவர்கள் இந்நாட்டின் கமக்காரர்கள். அவர்களின் பெயர் எந்தக் கட்டுரையின் இறுதி வரிசையிலும் இல்லை. விதையையே அனுப்பாமல், கணினியில் உள்ள வரிசையை மட்டும் எடுத்து இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையின் பயனாக, கொலம்பியாவின் கலி நகரில் 2024 இல் கூடிய உயிர்ப்பல்வகைமை மாநாடு ஒரு நிதியத்துக்கு இணங்கியது. 2025 பெப்ரவரியில் அது தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் மனமுவந்து கொடுத்தால்தான் அது நிறையும். நம் கமக்கார அமைப்புகள் இதை அறிந்து வைத்திருப்பதும், நம்மவர் சார்பில் கேட்பவர்கள் இருப்பதும் அவசியம்.

மலேரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வன்னியில் காய்ச்சலோடு நடுங்கிக் கிடந்த ஆண்டுகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்; 1999 இல் நாடு முழுவதும் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டது. அக்கிருமிகளுள் கொடியதான பிளாஸ்மோடியம் ஃபல்சிபாரத்தின் மரபணுத்தொகுதி, சாங்கரும் சேர்ந்து உழைத்து, 2002 இல் வெளிவந்தது. மிகுந்த மேற்கோள் பெற்ற பணி அது. ஆனால் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானதற்கும், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததற்கும் காரணம், விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்துளியைக் கண்ணாடித் தட்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களும், வீடு வீடாகப் போய் மருந்து தெளித்து நுளம்புவலை கொடுத்தவர்களுமே. போர்க்காலத்திலும் அந்த வேலையை விடாமல் செய்தார்கள். அந்த உழைப்பை எந்த மேற்கோள் சுட்டியிலும் தேடிக் காண முடியாது.

கேள்வி: உலக மரபணு ஆய்வுகளில் ஈழத்தமிழரின் மரபணுவும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? அதை வைத்து நம் பூர்வீகத்தை நிரூபிக்கலாமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: உண்மை. 2008 இல் தொடங்கிய ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம், 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் வரிசைகளுடன் 2015 இல் நிறைவுற்றது. சாங்கரும் பி.ஜி.ஐ.யும் அதில் முக்கிய பங்காளிகள். அந்த 26 குழுக்களில் ஒன்று பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்; தரவுகளில் எஸ்.ரி.யூ. என்ற மூன்றெழுத்தால் குறிக்கப்படுவார்கள். அவர்கள் 102 பேர். இரத்தம் கொடுத்தவர்களின் பெயரோ மருத்துவக் குறிப்போ தரவுகளில் இல்லை. ஒவ்வொருவரும் ஓர் எண் மட்டுமே. இருதய நோய் முதல் மருந்துகளின் பக்கவிளைவு வரை ஆராய்பவர்கள் தெற்காசியரின் மரபணு வேறுபாட்டைப் பார்க்க விரும்பினால் இந்த 102 பேரின் வரிசைகளையும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். மேற்கோள் திட்டத்தின் கட்டுரைக்கும் அதன் வழியே நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்கிறது. இரத்தம் கொடுத்தவர்கள் முகமற்றவர்களாக இருப்பது அவர்களின் பாதுகாப்புக்கு நல்லது. ஆயினும் அந்த எண்ணிக்கைகளுக்கு அடியில் நம்மவரின் உவந்தளிப்பு இருக்கிறது என்பதை நாம் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

பூர்வீகத்தை நிரூபிக்கும் கேள்விக்கு என் விடை ‘இல்லை’ என்பதே. புலம்பெயர்ந்த 102 பேர் வன்னிக்கோ, தீவகத்துக்கோ, மட்டக்களப்புக்கோ, மலையகத்துக்கோ உரிய மாதிரியாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். நிலத்தின் மீதான உரிமையை இரத்தத்தில் தேடும் எவரிடமும், அவர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவராயினும், இதையே சொல்வேன்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி தவிர வேறொன்றும் இல்லை. என்னைப் போன்றவர்கள் இத்தகைய ஆய்வில் சேர வழி உண்டா?
– மாணவி, மல்லாவி

பதில்: உண்டு, மகளே. 2015 இல் பழ ஈயின் நிறமூர்த்தம் ஒன்றைப் பற்றி ஜி3 என்னும் இதழில் வெளிவந்த கட்டுரைக்கு 1,014 ஆசிரியர்கள். அவர்களில் 900க்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் இளமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். கணினியின் முன் அமர்ந்து, வரிசையில் உள்ள பிழைகளைத் திருத்துவதும், மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பதுமே அவர்களின் வேலை. அத்தனை பேரை ஆசிரியர்களாகச் சேர்க்கலாமா என்று அப்போது வாதம் எழுந்தது. உழைத்தவரின் பெயரைப் போடுவதே சரி என்று நான் கருதுகிறேன்.

இது சாத்தியமாவதற்கு, 1996 இல் பெர்முடாவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு பெரிதும் உதவியது. வாசித்த மனித வரிசையை 24 மணி நேரத்துக்குள் எல்லோரும் காணும்படி வெளியிட வேண்டும் என்று அங்கே கூடியவர்கள் இணங்கினார்கள். அதற்காக முன்னின்று வாதாடியவர்களில் சல்ஸ்டனும் ஒருவர். அந்த வழக்கம் பரவியதால், இன்று மல்லாவியில் இருந்துகொண்டு நெல்லின் பன்னிரண்டு நிறமூர்த்தங்களையும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

முதலில் அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழினுட்பத் தகவல் நிலையத்தின் இணையத்தளத்துக்குப் போய், பிளாஸ்ட் என்னும் தேடுகருவியைத் திற. 1990 முதல் பயன்பாட்டில் உள்ள அது, நீ கொடுக்கும் வரிசையை ஒத்தவை வேறெந்த உயிர்களில் உள்ளன என்று தேடித் தரும். நெல்லின் மரபணு ஒன்றை எடுத்து, கோதுமையிலும் சோளத்திலும் அதன் உறவைத் தேடிப் பார். பிறகு மரபணுத்தொகுதிகளைப் பார்வையிட உதவும் என்செம்பிள் தளத்தில் அதே மரபணு எந்த நிறமூர்த்தத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் வரைந்துகொள். ஆங்கிலம் தடையாக இருந்தால் உயிரியல் ஆசிரியரையும் கணினி ஆசிரியரையும் ஒன்றாக அமர்த்திக்கொள். கைத்தொலைபேசியை விடப் பாடசாலைக் கணினி இதற்கு வசதியானது. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களில் லினக்ஸ் கட்டளைகளையும் பைதன் மொழியின் அடிப்படையையும் கற்றுக்கொள். சாம்டூல்ஸும் பி.டபிள்யூ.ஏ.வும் இலவசமாகவே கிடைக்கின்றன, பழைய மடிக்கணினியிலும் சிறிய தரவுகளோடு இயங்கும். சந்தேகம் வரும் இடங்களை எழுதி அனுப்பு. அடுத்த இதழ்களில் ஒவ்வொன்றாக விடை தருகிறேன்.